ஐப்பசி, கார்த்திகையில் சென்னையில் கல்யாணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேற்கு மாம்பலத்தில் கல்யாண கான்ட்ராக்ட் எடுத்து நடத்திக்கொடுப்பது என் தொழில். ஆவணி பிறந்த சில நாள்களிலேயே, பஞ்சாங்கமும் ஒரு நாற்பது பக்க நோட்டுமாகப் பெண்ணைப் பெற்றவர்கள் வந்து உட்காரத் தொடங்குவார்கள். ஆவணி முகூர்த்தங்களுக்கு மண்டபம் கிடைத்திருக்காது; தை வரைக்கும் காத்திருக்க மனம் வராது; ஐப்பசியிலோ கார்த்திகையிலோ வைத்தால் மழை என்ன செய்யுமோ என்ற பயமும் இருக்கும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகளோ, அங்கே தங்கள் நண்பர்கள் இலையுதிர்காலத்தில் மணந்துகொள்வதைப் பார்த்துவிட்டு, சென்னையிலும் அந்தப் பருவத்திலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். இரு தரப்பாருக்கும் நான் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் இவை.

சென்னையில் இலையுதிர்காலம் என்று ஒன்று இருக்கிறதா?

அந்தப் பெயருக்குப் பொருத்தமாக இல்லை. செப்டம்பர் 22 அல்லது 23ஆம் நாள், அதாவது புரட்டாசி முதல் வாரத்தில், பகலும் இரவும் சமமான பிறகு வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பகல் விரைவாகக் குறையும், குளிர் கூடும், இலைகளில் பச்சையம் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த மஞ்சளும் செம்மஞ்சளும் வெளியே தெரியும். அங்கே அந்த நிறங்களும், வியர்க்காத வெயிலும், அறுவடை முடிந்த நிறைவும்தான் மணமக்களை ஈர்க்கின்றன. நம் ஊர் மரங்களுக்கு அதே மாதங்கள் துளிர்க்கும் காலம். சென்னையில் இலை உதிர்வதைப் பார்க்க வேண்டுமானால் தை, மாசியில் ஏதாவது ஒரு பழைய தெருவில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்தடிக்குப் போக வேண்டும். இரத்தச் சிவப்பாகப் பழுத்து உதிர்ந்த இலைகள் அங்கே அள்ளிக் கூட்டும் அளவுக்குக் கிடக்கும்.

ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்த தமிழர்கள் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர்காலம் என்றார்கள். கூதிர் என்றால் குளிர்காற்று. சென்னையில் இலையுதிர்காலக் கல்யாணம் என்று யாராவது கேட்டால், நான் அதைக் கூதிர்காலக் கல்யாணம் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

சரி, அந்தக் கூதிர்காலத்தில் கல்யாணம் வைப்பதில் அப்படி என்ன ஈர்ப்பு?

முதல் காரணம் வெயில் இல்லாதது. வைகாசி முகூர்த்தத்துக்குப் போய்வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மே மாதத்தில் சென்னையின் பகல் வெப்பம் சராசரியாகவே 37, 38 டிகிரியைத் தொடும். அந்த நாள்களில் ஹோமப் புகைக்கு முன்னால் ஒன்பது கெஜமோ ஆறு கெஜமோ கட்டி இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் நெற்றியை அத்தையோ நாத்தனாரோ கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். நவம்பரில் அதே பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியும் விடியற்காலையில் 23 டிகிரியை ஒட்டியும் இருக்கும். குளிர்சாதன வசதி உள்ள மண்டபத்திலும் இந்த வேறுபாடு தெரியும். வாசலில் நின்று வரவேற்பவர்களும், சமையல்கட்டில் நிற்பவர்களும், பந்திக்கு இடம் பிடிக்கக் காத்திருப்பவர்களும் குளிர்சாதனத்துக்கு வெளியேதான் இருக்கிறார்கள். மே மாதத்தில் மூன்றாம் பந்தியோடு தளர்ந்துபோகும் பரிசாரகர்கள் கார்த்திகையில் ஐந்தாம் பந்தியிலும் முகம் கோணாமல் ரசம் கேட்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது காரணம் பழைய இலக்கணத்தில் இருக்கிறது. இதைச் சொல்லும்போது பொறியியல் படித்த மாப்பிள்ளைகள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ஐந்து திணைகளுக்கும் பொழுது வகுத்தபோது, கார்காலத்தை முல்லைக்கு, அதாவது பிரிந்தவன் வரவுக்காகக் காத்திருக்கும் திணைக்குக் கொடுத்தார்கள். காதலர் கூடும் குறிஞ்சித் திணைக்கு உரிய பெரும்பொழுதுகளாகக் கூதிரையும் முன்பனியையும் வைத்தார்கள். ஆவணியும் புரட்டாசியும் காத்திருக்கும் மாதங்கள், ஐப்பசியும் கார்த்திகையும் கூடும் மாதங்கள் என்ற இந்தக் கணக்கு, பஞ்சாங்கம் பார்த்துச் சொல்லும் காரணங்களைவிட எனக்குப் பிடித்தது.

மூன்றாவதாக, ஊரே பண்டிகைக் களையில் இருக்கும் காலம் இது. தீபாவளி, அதைத் தொடர்ந்து ஆறு நாள் கந்த சஷ்டி, சூரசம்ஹாரத்துக்கு மறுநாள் வடபழனி உட்படப் பல முருகன் கோயில்களிலும் முருகனுக்கும் தெய்வானைக்கும் திருக்கல்யாணம், பௌர்ணமியில் சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம், பிறகு கார்த்திகை தீபம் என்று வரிசையாக வருகின்றன. வீட்டுக்கு வெள்ளையடித்து, பாத்திரங்களைத் துலக்கி, உறவினர்களோடு பேச்சுவார்த்தையைப் புதுப்பித்து வைத்திருக்கும் நேரத்தில் கல்யாணமும் வந்தால் வேலை பாதியாகக் குறைகிறது.

புரட்டாசியும் இந்தப் பருவத்தில் சேருமே, அதில் வைக்கலாமா?

பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் ஆடி, புரட்டாசி, மார்கழி ஆகிய மூன்று மாதங்களில் முகூர்த்தம் வைப்பதில்லை. புரட்டாசியில் மகாளய பட்சம் வருகிறது. பெருமாளுக்கு உரிய விரத மாதம் என்பதால் பல வீடுகளில் அசைவம் கிடையாது. ஆகவே ஐப்பசி முதல் தேதி, அதாவது அக்டோபர் 17 அல்லது 18ஆம் நாளிலிருந்து, மார்கழிக்கு முந்தைய நாளான டிசம்பர் 15 வரை ஏறக்குறைய இரண்டு மாதங்கள் உங்கள் கையில் இருக்கும். அதற்குள் செவ்வாய், அஷ்டமி, நவமி, மணமக்களின் ஜன்ம நட்சத்திரம், தேய்பிறையில் வேண்டாம் என்ற தாத்தாவின் பிடிவாதம் எல்லாம் கழிந்தால் பத்துப் பன்னிரண்டு நாள்கள் தேறலாம். அந்த நாள்களுக்குத்தான் சென்னை முழுவதும் போட்டி.

சம்பிரதாயம் பார்க்காத குடும்பங்களுக்குப் புரட்டாசி நல்ல வாய்ப்பு. மண்டபங்கள் காலியாக இருப்பதால் வாடகையில் பேரம் பேச இடமுண்டு, பெருமழையும் தொடங்கியிருக்காது. ஒருமுறை இதை நான் ஒரு வீட்டில் சொன்னபோது, பெண்ணின் பாட்டி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு கேட்டால் மட்டுமே சொல்கிறேன்.

தீபாவளிக்கு முன்பு வைப்பது நல்லதா, பின்பு வைப்பதா?

இது உண்மையில் தலைதீபாவளியைப் பற்றிய கேள்வி. தீபாவளிக்கு முன்பு கல்யாணம் முடிந்தால், கல்யாணச் செலவின் சூடு ஆறுவதற்குள் மாப்பிள்ளையை அழைத்து, புத்தாடை, மோதிரம், பட்டாசு, சீர் என்று மீண்டும் பெண் வீட்டார் செலவழிக்க வேண்டும். பின்பு வைத்தால் அதற்கு ஏறக்குறைய ஓராண்டு அவகாசம் கிடைக்கும்; ஆனால் கார்த்திகை கல்யாணமானால் தலைப்பொங்கல் ஒன்றிரண்டு மாதத்திலேயே வந்து நிற்கும்.

பலர் கவனிக்காத ஒரு கணக்கும் இதில் இருக்கிறது. தீபாவளி ஐப்பசி அமாவாசையை ஒட்டி வருவதால், அதற்கு முந்தைய பதினைந்து நாள்கள் எப்போதுமே தேய்பிறைதான். வளர்பிறை முகூர்த்தம்தான் வேண்டும் என்பவர்களுக்கு, அநேகமாகத் தீபாவளிக்குப் பிந்தைய நாள்களே மிஞ்சும். 2023இல் தீபாவளி நவம்பர் 12ஆம் தேதி வந்தது. ஐப்பசியின் தொடக்க நாள்களில் வளர்பிறை இருந்ததால், தீபாவளிக்கு முன்பே முடிக்க விரும்பியவர்களுக்கு வழி இருந்தது. 2025இல் அக்டோபர் 20ஆம் தேதியே, ஐப்பசி பிறந்த மூன்றாம் நாளே, தீபாவளி வந்துவிட்டது. முன்பா பின்பா என்ற கேள்விக்கே இடமில்லாமல் போனது.

தொழில் முறையில் கேட்டால், தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரங்களை நான் பரிந்துரைப்பதில்லை. தையல்காரர் பிளவுஸ் தர மாட்டார், தி.நகருக்குள் கார் போகாது, இனிப்புப் போடும் சமையல்காரர்கள் எல்லோரும் தீபாவளி ஆர்டரில் இருப்பார்கள்.

மழையைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். எந்த வாரம் பாதுகாப்பானது?

முழுக்கப் பாதுகாப்பான வாரம் எதுவும் இல்லை. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் பெய்கிறது. பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். ஆண்டிலேயே அதிக மழை பெய்யும் மாதம் நவம்பர். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததில் பிழை காண முடியாது. கார்த்திகைக்குப் பின் மழையில்லை என்பதை நம்பி மாதக் கடைசியில் வைத்தவர்களுக்கும் உத்தரவாதம் கிடையாது: வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தது 2016 டிசம்பர் 12, கார்த்திகையின் கடைசி வாரம். 2015 பெருவெள்ளம் டிசம்பர் முதல் நாளில் வந்தது. மிக்ஜாம் புயலின் மழை 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் வேளச்சேரியையும் பள்ளிக்கரணையையும் மூழ்கடித்தது.

ஆனால் இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு யாரும் கல்யாணத்தைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பருவமழை இரண்டு மாதமும் இடைவிடாமல் பெய்வதில்லை. வங்கக் கடலில் ஒரு தாழ்வுப் பகுதி உருவானால் இரண்டு மூன்று நாள் கொட்டும், பிறகு ஒரு வாரம் இளவெயிலும் ஈரக் காற்றுமாக, நகரமே கழுவி வைத்ததுபோல இருக்கும். உங்கள் முகூர்த்தம் அந்த இடைவெளியில் விழுவதற்கே வாய்ப்பு அதிகம். என் கையில் நடந்த கூதிர்காலக் கல்யாணங்களில், மழையால் உண்மையாகவே அவதிப்பட்டவை என்று விரல்விட்டு எண்ணக்கூடியவற்றைத்தான் சொல்வேன்.

நேரத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. கோடையில் சாயங்காலம் இடியோடு பெய்யும் மழையைப் போலல்லாமல், வடகிழக்குப் பருவமழை கரையோரத்தில் பெரும்பாலும் நள்ளிரவுக்கு மேல் வலுத்து, விடிந்து சில மணி நேரத்தில் ஓய்கிறது. எனவே இந்த மாதங்களில் நாலரை ஆறு முகூர்த்தத்தைவிட, லக்னம் இடம் கொடுத்தால், ஞாயிறு, புதன், வெள்ளிக் கிழமைகளில் ஒன்பது முதல் பத்தரைக்குள் இருக்கும் முகூர்த்தத்தைக் கேட்டு வாங்குங்கள். வெள்ளியன்று பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும் என்பதால் சாஸ்திரிகளை அவசரப்படுத்த வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

மண்டபம் பிடிக்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

கோடைக் கல்யாணத்துக்கு மண்டபம் பார்ப்பவர்கள் குளிர்சாதனத்தையும் மணமகள் அறையையும் பார்ப்பார்கள். கூதிர்காலத்துக்கு நான் முதலில் பார்ப்பது தெருவை. தெருவின் மட்டத்துக்கும் மண்டபத்தின் தரைக்கும் எத்தனை படி இருக்கிறது? சாப்பாட்டுக் கூடம் தரைக்குக் கீழே இருக்கிறதா? ஜெனரேட்டர் எந்த உயரத்தில் நிற்கிறது? நான் இந்தக் கேள்விகளை எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

2021 நவம்பரில், தீபாவளிக்கு அடுத்த வாரம், என் சித்தி மகளுக்குக் கல்யாணம். மண்டபத்தை நானேதான் பிடித்துக் கொடுத்தேன். மேடை அழகாக இருந்தது, முன்னூறு பேர் உட்காரலாம், சாப்பாட்டுக் கூடம் தெரு மட்டத்திலிருந்து நான்கு படி கீழே. முதல் நாள் மாலை ரிசப்ஷன் தூறலோடு முடிந்தது. விடியற்காலை மூன்றரை மணிக்குச் சமையல் மாஸ்டர் வந்து என்னை எழுப்பினார். நான் இறங்கிப் போனபோது, முதல் படியிலேயே தண்ணீர். வாழையிலைக் கட்டுகள் மிதந்துகொண்டிருந்தன. நறுக்கி வைத்திருந்த பீன்ஸ் கூடத்தின் ஒரு மூலையில் பச்சைப் பாசிபோலத் திரண்டு நின்றது. சித்தப்பா வேட்டியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, கேஸ் சிலிண்டரை ஒரு பக்கம் தானும் மறுபக்கம் மாப்பிள்ளையின் தம்பியுமாகப் பிடித்து மாடிப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்; அந்தப் பையனை அவர் அதற்கு முன் இரண்டு முறைதான் பார்த்திருப்பார். மணமகள் அறைக்கு வெளியே இருந்த தாழ்வாரத்தில் அடுப்பு வைத்து இட்லிக்குப் பதிலாக உப்புமா கிண்டினோம்.

நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் கோடம்பாக்கத்திலிருந்து முழங்கால் தண்ணீரில் நடந்தே வந்தார்கள். தவிலைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாளைத் தவில்காரர் பிரித்தபோது, ஈரக் காற்றில் தோல் தொய்ந்திருந்தது. அவர் எதுவும் பேசாமல் உப்புமா இறக்கிய அடுப்பருகே போய் உட்கார்ந்து, தவிலைத் தணலுக்கு நேரே மெதுவாகத் திருப்பித் திருப்பிக் காட்டி, விரலால் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறே முக்காலுக்குக் கெட்டிமேளம் கேட்டபோது தோல் முறுக்கேறியிருந்தது. முன்னூறு இலைக்குச் சொல்லியிருந்தோம். வந்தவர்கள் நூற்றுப்பத்துப் பேர். மிச்ச உணவு மதியம் அதே தெருவில் தண்ணீர் புகுந்த வீடுகளுக்குப் போயிற்று. ஓடாத ஜெனரேட்டருக்கும் டீசல் கணக்கு எழுதிய மண்டப நிர்வாகம், கடைசிவரை அந்தப் பணத்தைத் திருப்பவில்லை.

அதிலிருந்து, அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மண்டபத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, போன மழைக்கு இங்கே தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டுக்கொள்கிறேன். மண்டப மேலாளர் சொல்லாததை டீக்கடைக்காரர் சுவரில் கைவைத்தே காட்டிவிடுவார். வழியில் சுரங்கப்பாதை இருக்கிறதா என்றும் பாருங்கள். மழை நாளில் துரைசாமி, அரங்கநாதன், கணேசபுரம் சுரங்கப்பாதைகளை மூடிவிட்டால், பக்கத்துப் பேட்டையிலிருந்து வருபவர்கள்கூட ஊரைச் சுற்றிக்கொண்டு வர வேண்டும். மெட்ரோ நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் மண்டபம் அமைந்தால் இருநூறு ரூபாய் இலைக்குக் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும் என்பது என் கணக்கு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திறந்தவெளிக் கல்யாணம் வைக்க முடியுமா?

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வையுங்கள். நவம்பரில் வேண்டாம். கூரையுள்ள மாற்று இடத்தை அதே வளாகத்தில் எழுத்து மூலம் ஒதுக்கித் தரும் ரிசார்ட் என்றால் மட்டும் யோசிக்கலாம். திறந்தவெளிக்கு ஆசைப்பட்டு அந்தச் சாலையில் இடம் பார்க்கப் போகிறவர்கள், வழியில் திருவிடந்தையில் இறங்கி நித்திய கல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டு வரலாம். ஆண்டு முழுவதும் நாளுக்கு ஒரு பெண்ணாக மணந்துகொண்டவர் என்று தலபுராணம் சொல்லும் அந்தப் பெருமாளுக்கு மாதப் பொருத்தமும் மழைக் கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை.

விருந்துக்கும் பூவுக்கும் இந்தப் பருவம் எப்படி?

பாயசத்துக்கும் பஜ்ஜிக்கும் இதைவிட நல்ல பருவம் இல்லை. காய்கறியில்தான் கவனம் தேவை. மழையில் தக்காளியும் சின்ன வெங்காயமும் விலை ஏறும். முருங்கைக்காய் இந்த மாதங்களில் கோயம்பேட்டிலேயே எண்ணிக்கைக்கு விற்கும் பொருளாகிவிடும். சாம்பாரில் முருங்கைக்காய் இல்லையே என்று சம்பந்தி வீட்டார் குறை சொல்லக்கூடும் என்று தெரிந்தால், பட்டியல் எழுதும் நாளிலேயே பூசணி, பரங்கி, சேனை என்று மாற்றி அவர்களிடமும் சொல்லிவிடுங்கள். புயல் காற்று வாழைத் தோப்புகளில் இலையைக் கிழித்துவிடுவதால் தலைவாழையிலைக்கும் தட்டுப்பாடு வரும். ஒரே வியாபாரியை நம்பாமல் இரண்டு இடத்தில் சொல்லிவைப்பது என் வழக்கம்.

மல்லிகை வெயில் காலப் பூ. பனி இறங்கத் தொடங்கினால் வரத்து சுருங்கி, முகூர்த்த நாளில் கிலோ ஆயிரங்களில் பேசப்படும். மொட்டும் சிறுத்து இருக்கும். பெண்ணின் தலைக்கு மட்டும் மல்லிகையை வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பூவுக்குக் கனகாம்பரமும், மேடைக்குச் சாமந்தியும், மாலைக்குச் சம்பங்கியும் ரோஜாவும் என்று பிரித்துக்கொண்டால் செலவு கட்டுப்படும். மஞ்சளும் அரக்குமான சாமந்தி மேடையைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த ஒரு மாப்பிள்ளையின் நண்பர், இது அப்படியே எங்கள் ஊர் அக்டோபர் நிறம் என்றார். மாம்பழ மஞ்சள், அரக்கு, செங்கல் சிவப்பு என்று அவர்கள் அந்தப் பருவத்துக்காகத் தேடித் தேடி எடுக்கும் நிறங்கள் எல்லாம் காஞ்சிபுரத்துத் தறியில் எப்போதும் ஓடிக்கொண்டிருப்பவைதான்.

புடவைக்கும் அலங்காரத்துக்கும் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

பட்டை ஆடித் தள்ளுபடியில் எடுப்பதா, ஆவணி பிறந்து எடுப்பதா என்ற விவாதம் உங்கள் வீட்டுக்குள் முடிய வேண்டியது. கூறைப்புடவையை மட்டும் ஆடியில் எடுக்க மாட்டோம் என்று நடுவழியில் சமாதானமாகும் வீடுகளே அதிகம். ஈரத்தில் சரிகை கறுக்கும். நனைந்த பட்டை மடித்துப் பெட்டியில் வைக்காமல், அன்றைக்கே நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். பெண்ணையும் மாப்பிள்ளையையும் மண்டபத்துக்கு வந்த பிறகு அலங்கரிப்பது நல்லது. வீட்டிலேயே அலங்கரித்து அழைத்துவந்தால், காரிலிருந்து இறங்கும் அரை நிமிடத்தில் இரண்டு மணி நேர வேலை கரைந்துவிடும். நவம்பரில் மாலை 5.40ஐ ஒட்டியே சூரியன் மறைவதால், வெளியில் படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் மதியம் மூன்று மணிக்கே தயாராக இருக்க வேண்டும். மேகம் மூடிய வானத்தின் மென்மையான ஒளியில் முகங்கள் மிக அழகாக விழுகின்றன என்று புகைப்படக்காரர்கள் சொல்வதை ஆல்பங்களிலும் பார்த்திருக்கிறேன்.

மருதாணியை மறக்காதீர்கள். ஐப்பசி மருதாணி அரக்காய்ப் பிடிக்கும் என்பார்கள். கூம்பில் அடைத்து விற்பதை வாங்காமல், யார் வீட்டு வேலியிலாவது பறித்து அம்மியில் அரைத்ததாக இருக்க வேண்டும்.

வெளிநாட்டு உறவினர்கள் வர வசதியான காலமா?

டிசம்பர் மூன்றாம் வாரத்தில் விமானக் கட்டணம் உச்சிக்குப் போவதற்கு முன்பே கூதிர்கால முகூர்த்தங்கள் முடிந்துவிடுகின்றன என்பது வசதி. அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழன் விடுமுறை என்பதால், அதை ஒட்டிய வாரத்தில் வைத்தால் அங்கிருந்து வருபவர்களுக்கு விடுப்பு சேமிப்பாகும். முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் வந்து இறங்குவதுபோல மட்டும் யாரும் பயணச்சீட்டு எடுக்க வேண்டாம். 2015, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் மழையால் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. மாப்பிள்ளையே வெளிநாட்டிலிருந்து வருகிறார் என்றால், குறைந்தது ஐந்து நாள் முன்னதாக ஊரில் இருக்கட்டும்.

சபரிமலைக்கு மாலை போட்டவர்கள் கல்யாணத்துக்கு வருவார்களா?

வருவார்கள், சாப்பாட்டில்தான் கட்டுப்பாடு. கார்த்திகை முதல் நாளில் மாலை போடுகிறவர்கள் உங்கள் உறவில் மட்டுமல்லாமல் சமையல், பந்தல், மேளக் குழுக்களிலும் இருப்பார்கள். அவர்களுக்கு வெங்காயம், பூண்டு சேர்க்காத உணவைத் தனி இடத்தில் கொடுத்தால் மனம் குளிர்ந்துபோவார்கள். மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டியவர் மாலை போடப்போகிறாரா என்பதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாலையும் கறுப்பு வேட்டியுமாக அவர் எல்லாப் படங்களிலும் நிற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, சில அம்மாக்களுக்கு உண்டு.

கிறிஸ்தவக் குடும்பங்களுக்கும் இதே கணக்குத்தானா?

மழைக் கணக்கு ஒன்றுதான். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் திருவருகைக் காலம் என்பதால் பல குடும்பங்கள் அப்போது திருமணத்தைத் தவிர்க்கின்றன. ஆகவே அவர்களுக்கு அக்டோபரும் நவம்பரின் பெரும்பகுதியும்தான் கிடைக்கும். தேவாலயத்திலிருந்து வரவேற்பு மண்டபத்துக்குப் போகும் வழியையும் மழை நாளில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

புயல் எச்சரிக்கை வந்தால் தள்ளிவைக்க முடியுமா?

முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க யாரும் ஒப்புக்கொள்வதில்லை, ரிசப்ஷனைத் தள்ளிவைக்கலாம். சிவப்பு எச்சரிக்கை விடுக்கப்பட்டால், அருகிலுள்ள கோயிலிலோ வீட்டிலோ நெருங்கியவர்கள் முன்னிலையில் தாலி கட்டிவிட்டு, விருந்தைத் தையில் வைப்பது மிக நாகரிகமான தீர்வு. இதற்கு இடம் கொடுக்கும் வரி ஒன்றை மண்டபத்தோடும் சமையல் கான்ட்ராக்டரோடும் போடும் ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதி வாங்க வேண்டும். இயற்கைச் சீற்றத்தால் நடக்காமல் போனால் அட்வான்ஸ் வேறு தேதிக்கு மாற்றப்படும் என்று எழுதியிருந்தால் போதும். வாய்மொழியாகச் சொன்னது தண்ணீரோடு போய்விடும்.

கல்யாணத்தைப் பதிவு செய்வதற்கும் மழையைக் காரணம் காட்டிச் சோம்பியிருக்க வேண்டாம். 2009 நவம்பர் 24 முதல் தமிழ்நாட்டில் எல்லா மதத்தவரின் திருமணத்தையும் பதிவு செய்வது கட்டாயம். 90 நாள்களுக்குள் முடிக்க வேண்டும், தவறினால் கூடுதல் கட்டணத்துடன் 150ஆம் நாள் வரை செய்யலாம். கார்த்திகையில் மணந்தவர்கள் பொங்கல் முடிந்த கையோடு போனால் சரியாக இருக்கும்.

சின்ன வயதில் பச்சரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்கிறார்களே?

என் மனைவி எங்கள் வீட்டில் அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்கிறவள். எங்கள் கல்யாணம் கார்த்திகை மாதம், மயிலாப்பூரில். அன்று காலை பளிச்சென்று வெயில் அடித்தது. காசி யாத்திரைக்கு என் கையில் கொடுத்த புதுக் குடை இன்னும் பீரோவுக்கு மேலே அட்டைப் பெட்டிக்குள்தான் இருக்கிறது. போன ஐப்பசியில்கூட, மண்டபம் பார்க்கக் கிளம்பும் அவசரத்தில் அதை எடுக்கப் போனவனைத் தடுத்து, கடையில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்றாள்.